கோட்டில் துடைத்த கத்திரிக்கோல்

எலி என்றாலே எனக்கு அருவருப்பு. தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில், அரிசியில் கிடக்கும் எலிப் புழுக்கையைப் பொறுக்கி எறிந்து வளர்ந்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்? தலையெழுத்தைப் பாருங்கள், பதுளையில் கிடைத்த ஆய்வுக்கூட வேலையும் எலியோடுதான்.

மூன்று வாரக் குட்டியின் வால் நுனியில் ஓர் அரிசியளவு வெட்ட வேண்டும். அதை மருந்து நீரில் போட்டு இரவு முழுக்கச் சூட்டில் வைத்தால் தோலும் சதையும் கரைந்து, மயிர் மிதக்கும் கலங்கல் தண்ணீராகிவிடும். மூடியைத் திறந்ததும் ஒரு வாடை வரும் பாருங்கள், சீ, எத்தனை முறை சவர்க்காரம் போட்டாலும் மூக்கை விட்டுப் போகாது. அதில் ஸ்பிரிட் ஊற்றினால் சளி போல வெள்ளையாய் ஒரு நூல் திரளும். அதுதான் டிஎன்ஏ. ஆய்வுக்கு வேண்டிய மரபணு அதில் இருந்தால் குட்டி பிழைக்கும். இல்லாவிட்டால் வாயுப் பெட்டிக்குள் போகும்.

ஒரு தடவை பதினொரு குட்டிகள். பதினொன்றிலும் மரபணு இருப்பதாக முடிவு வந்தது. பொறுப்பாளர் மேடம், பதுளை பஜாரில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், மரபணுவைக் காட்டும் அந்த முடிவுப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தாய் தகப்பன் ரெண்டுலயும் இருந்திருக்கும் போல. ஒன்னையும் கொல்ல வேணாம்," என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பீலித் தண்ணீரில் ஆய்வுக்கூட வெள்ளைக் கோட்டைத் துவைக்கும்போது வலது இடுப்புப் பக்கம் பழுப்புக் கோடுகள் தெரிந்தன. பள்ளி விடுமுறையில் அம்மாவோடு மலைக்குப் புல் வெட்டப் போய், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் கத்தியைத் துடைத்துத் துடைத்துப் பழகிய கை இது. ஒவ்வொரு வாலுக்குப் பிறகும் கத்திரிக்கோலை ஸ்பிரிட்டில் கழுவி நெருப்பில் காட்ட வேண்டியவள், என்னை அறியாமல் இடுப்பில் துடைத்திருக்கிறேன். ஒரு குட்டியின் இரத்தம் அடுத்ததில் ஏறியிருக்கிறது. மரபணுவைத் தேடும் இயந்திரத்துக்கு ஒரு பொட்டு போதும்.

சொன்னால் சில குட்டிகள் சாகும். சொல்லாவிட்டால் மேடத்தின் ஆய்வு முழுக்கப் பொய்யாகும். திங்கட்கிழமை காலை சொன்னேன்.

"மேடம், கத்திரிய கோட்டுல தொடச்சிட்டேங்க."

"எத்தன தடவ?"

"பத்துங்க."

அவர் திட்டவில்லை. "உண்மையச் சொன்னீங்களே, அதுவே பெரிசு. திரும்ப வெட்டுங்க," என்றார்.

ஆறாத வாலிலேயே மறுபடி வெட்டினேன். இம்முறை ஒழுங்காகக் கழுவினேன், நெருப்பில் காட்டினேன். ஏழு குட்டிகளில் மரபணு இல்லை. வியாழக்கிழமை அந்த ஏழையும் நானே பெட்டிக்குள் விட்டேன். ஒன்று என் கையுறையை முகர்ந்து பார்த்து நக்கியது. எலியைவிட என் கைதான் எனக்குக் குமட்டியது.

அன்று மாலை அம்மா வெங்காயம் அரிந்த கத்தியை இடுப்புச் சேலையில் துடைத்துவிட்டுத் தக்காளியை எடுத்தார்.

"தொடைக்காதம்மா," என்றேன்.

"ஏன்டி, வெங்காயந்தானே?"

கத்தியை வாங்கிக் கழுவினேன். சோறு இறங்கவில்லை.