ஒழுகவேண்டிய கூரை

லண்டன் வெம்பிளியில் இருபது வருடமாகத் தச்சு வேலை செய்கிறேன். நான் பொருத்திய சமையலறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகினாலும் எனக்கு அது மானக்கேடு. அதனால்தானோ என்னவோ, போன வருடம் ஒரு யூதப் பெண்மணி குடில் ஒன்று கட்டித்தரச் சொன்னபோது, கூரையைப் பற்றி அவர் சொன்னதைக் காதில் சரியாக வாங்கவில்லை.

அவர் ஓர் ஓவியர். முன்பு அவருக்கு அலுமாரி அடித்துக் கொடுத்திருக்கிறேன். கூடாரப் பண்டிகைக்கு யூதர்கள் ஏழு நாள் வெளியே குடில் போட்டு, அதில் இருந்து சாப்பிடுவார்களாம். தங்கள் சமூக நிலையத்தின் முற்றத்தில் அந்தக் குடிலையே ஒரு கலைப்படைப்பாக்க அவர் நினைத்தார். சுவருக்கு அவர் கொண்டுவந்தவை, தெருவில் வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பழைய யன்னல் திரைகள். வெயிலில் மங்கிய ரோஜாப்பூ, ஏதோ பிள்ளையின் அறையிலிருந்து வந்த யானைகள், சிகரெட் மணம் போகாத பச்சை வெல்வெட். சுவர் காற்றில் ஆடக்கூடாது என்பது அவர்கள் முறை. எல்லாவற்றையும் மரச்சட்டத்தில் இழுத்து அடித்தேன். பின்னாலிருந்து வெயில் பட்டதும் அந்தத் தெரு முழுக்க விருந்துக்கு வந்து நின்றது போலிருந்தது. பொய் சொல்வானேன், வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அடித்தது என் கைதான். ஆனால் அந்தக் கண் எனக்கில்லை.

கூரைக்கு மூங்கிலும் வெட்டிய இலைக்கொப்புகளும். பண்டிகை தொடங்கும் நாள் மத்தியானம், மழை வரும் என்று போன் காட்டியது. வருகிறவர்கள் நனைவார்களே என்று, யாரும் கேட்காமலே, மூங்கிலின் மேல் பிளாஸ்டிக் விரித்து, அது தெரியாதபடி கொப்புகளை நெருக்கி அடுக்கினேன்.

நாலு மணிக்கு அவர் வந்து அண்ணாந்து பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"மழை உள்ளே வரவேண்டும்," என்றார் ஆங்கிலத்தில். "நட்சத்திரம் தெரியவேண்டும். இப்படி மூடினால் இது எங்களுக்குக் குடிலே இல்லை. சூரியன் இறங்கினால் பண்டிகை. அதன்பிறகு நான் ஒரு வேலையும் செய்யக்கூடாது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "போரில் இடம்பெயர்ந்து, மூன்று வருடம் ஒழுகுகிற கொட்டிலில் இருந்தவன் நான். அம்மா விடிய விடிய ஒழுகுகிற இடமெல்லாம் சட்டி மாற்றி மாற்றி வைப்பா. அதை நினைக்க எனக்குக் கலை தேவையில்லை," என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"ஒழுகிற கூரை வேணுமாம். இவவுக்கு விசரோ?"

"ஏன் கத்துறியள்? அவையின்ரை சாமி காரியம். அவை கேட்ட மாதிரிக் கட்டிக் குடுங்கோ. உங்கட வீம்பை வீட்டில வச்சுக்கொள்ளலாம்."

திரும்பி வந்தால், அறுபதைத் தாண்டிய அந்த மனுசி ஏணியில் நின்று கொப்புகளை இழுத்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும், "எனக்கு ஒரு நாளும் கூரை ஒழுகியதில்லை," என்றார். "அதனால்தான் வருடத்தில் ஏழு நாளாவது இப்படி இருக்கவேண்டும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவரை இறக்கிவிட்டு நான் ஏறினேன். கொப்புகளைக் கழற்றி, பிளாஸ்டிக்கை உருவி, நிழலும் விழ வானமும் தெரிய ஐதாக மறுபடி அடுக்கினேன். கடைசிக் கொப்பை வைத்தபோது முற்றத்தில் வெயில் போய்க்கொண்டிருந்தது. அவர் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும்," என்றார்.

சூப் வந்த நேரம் தூறத் தொடங்கியது. ஒரு துளி என் கோப்பைக்குள்ளேயே விழுந்தது. யாரும் எழும்பவில்லை. பக்கத்திலிருந்த கிழவர் தலையில் விழுந்ததைத் துடைத்துவிட்டுச் சிரித்தார். என் கை மட்டும் தானாக நீண்டு, மேசையிலிருந்த வெறுங்கிண்ணம் ஒன்றைத் துளி விழும் இடத்துக்கு நகர்த்தியது. எதிரே இருந்த ஓவியர் அதைப் பார்த்தார்.

கிண்ணத்தை எடுத்து இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுக் கரண்டியைப் பிடித்தேன். ஒழுகுகிற கூரைக்குக் கீழே நான் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான்.