பானையில் நான்கு சொட்டு

சில காலைகளில் குழாயைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் வந்து அடிக்கும். நீச்சல்குள வாடை என்பார்கள் இந்த அடுக்ககத்தில். எனக்கு அது ஒரு மனிதரின் சட்டை வாடை. தம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவேன். என்ன ஆச்சு என்று கேட்க வீட்டில் வேறு யாருமில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூருக்கு வெளியே ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் நான் இளம் வேதியியலாளர்; அவர் குளோரின் அறை ஆபரேட்டர். ஆபரேட்டர் அண்ணன் என்றுதான் எல்லோருமே கூப்பிடுவோம். கோலார் தங்கவயலிலிருந்து வந்து பெங்களூர் ஆடுகோடியில் குடியிருந்தவர். "இன்னாம்மா, தண்ணிக்கு ஜாதகம் எழுதியாச்சா? ஆயுசு கெட்டியா?" என்று கேட்டுக்கொண்டேதான் ஆய்வுக்கூடத்துக்குள் வருவார். அவரும் மனைவியும் முதல் குழந்தையை வாந்திபேதிக்குக் கொடுத்தவர்கள். அதனால் தாமே மருந்திட்டு அனுப்பிய தண்ணீரில்கூட அவருக்கு நம்பிக்கை போதவில்லை. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரிலிருந்து தினமும் நான்கு சொட்டு வீட்டுப் பானையில் விடுவார். வாடை வந்தால்தான் அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, தண்ணீர் மொள்ளுவாராம்.

ஒரு மழைக்காலம். செம்மண்ணும் மக்கிய இலையுமாய்த் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் படித்திருந்ததை டீ குடித்துக்கொண்டே அவரிடம் அளந்தேன். மக்கிய இலையோடு குளோரின் சேர்ந்தால் வேறு சில பொருள்கள் பிறக்கின்றன, குளோரோஃபார்ம் அவற்றில் ஒன்று. வருடக்கணக்கில் குடிப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்று வரும் வாய்ப்பு சற்றுக் கூடலாம் என்று சந்தேகப்படுகிறார்கள். புதிதாய்க் கற்றதைச் சொல்லும் மிதப்பு எனக்கு. அவர் தம்ளரைக் கீழே வைத்தார். அக்காவுக்குச் சிறுநீரில் ரத்தம் போகத் தொடங்கியிருந்தது எனக்குத் தெரியாது.

புற்றுதான் என்று மருத்துவமனையில் உறுதியான வாரம், ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். ஜாதகம் கேட்கவில்லை.

"சொட்டு போடறத நிறுத்திட்டேம்மா. ஏன் பானையில வாடையே காணோம்னு வீட்ல கேட்டா. நீ சொன்னத சொன்னேன். அப்ப உன் சொட்டாலதான் எனக்கு வந்துச்சான்றா. இன்னான்னு சொல்லட்டும்?"

நான் விளக்கினேன். எவ்வளவு அழகாக விளக்கினேன்! ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்த்துச் சொல்வது இது. ஒருவரைக் காட்டி, இதனால்தான் என்றோ இதனால் இல்லை என்றோ சொல்ல முடியாது. குளோரினே போடாமல் விட்டால் அதைவிடப் பெரிய ஆபத்து.

"அவ ஒருத்திதாம்மா. ஆயிரம் பேரு இல்ல."

நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இன்று கேட்டாலும் அதையேதான் எழுதிக்கொடுப்பேன். அவர் தலையாட்டிவிட்டு வெறும் கையோடு படியிறங்கிப் போனார்.

அக்கா அடுத்த கோடையைப் பார்க்கவில்லை. அண்ணன் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தங்கவயலுக்கே திரும்பினார். வழியனுப்பக் கன்டோன்மென்ட் ரயில் நிலையத்துக்கு நான் மட்டும் போயிருந்தேன். வண்டி வந்தது. ஏறியதும் கதவருகே நின்று குனிந்தார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் இத்தனை வருடத்தில் எனக்கு ஆறியிருக்கும்.

"இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா. நான் நம்பியிருக்க மாட்டேன். அவ நம்பியிருப்பா."