துரை கோட்டில் விழுந்த புருவம்

சிகரெட் டப்பாவின் தகர மூடி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் ஓரத்தில் ஒட்டிய கறுப்பு எந்தச் சவுக்காரத்துக்கும் அசையாது. இந்தப் பிடிவாதத்தை அன்றைக்கு நெற்றியில் காட்டியிருந்தால் என் அண்ணி அத்தனை பாடுபட்டிருக்க மாட்டார்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். அண்ணனுக்குச் செந்தூல் ரயில் பட்டறையில் வேலை. அண்ணி பக்கத்துத் தெருச் சலவைக் கடையில் துரைமாரின் வெள்ளைக் கோட்டுகளுக்கு இஸ்திரி போடுவார். ஒருநாள் இஸ்திரிப் பெட்டியில் கரி பிடிக்கவில்லையென்று யாரோ மண்ணெண்ணெய் தெளித்திருக்கிறார்கள். அது தெரியாமல் அண்ணி குனிந்து ஊதினார். கண் தப்பியது. புருவம் இரண்டும் கருகி, வழவழவென்று தழும்புதான் மிஞ்சியது.

அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "நிலை இல்லாத வாசல் மாதிரி இருக்குடி உன் முகம். வரைஞ்சுக்காம வெளியே போகாதே" என்றார். சொல்லிவிட்டுப் போவது சுலபம். நாள் முழுக்கக் கரியனல் முகத்தில் அடிக்கிற வேலைக்கு எந்த மை நிற்கும்? கண்மை பத்து மணிக்குள் இமைக்கு இறங்கிவிடும். கிராம்பைச் சுட்டு வரைந்தால் முந்தானை ஒருமுறை பட்டதும் காணாமல் போகும். பாசாரில், அதான் சந்தையில், சீனர் கடையில் புருவப் பென்சில் வாங்கினோம். அது தழும்பில் வழுக்கியது. "மயிர் இருக்கிறவளுக்குத்தான் இது எழுதும். உள்ளவளுக்கே இன்னும் குடுக்குது பாரு" என்று அண்ணி அதை வீசியெறிந்தார்.

எண்ணெய் சேர்த்தால் வேர்வை ஒட்டாது என்று மேதாவித்தனம் பண்ணியது நான்தான். பட்டறையிலிருந்து அண்ணன் இன்ஜின் புகைக்கரி கொண்டுவந்தார். விளக்கெண்ணெயில் குழைத்து இந்த மூடியில் வைத்தோம். அதை வரைந்து கண்ணாடி பார்த்த அண்ணி வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். "இன்ஜினே நெத்தியில ஏறிடுச்சு லா. இனி ஈப்போ ஸ்டேசன் வரைக்கும் நிக்காது."

வேர்வையை எண்ணெய் தாங்கியது உண்மைதான். அனலைத் தாங்கும் என்று யார் சொன்னது? மறுநாள் மதியம் கடைக்குச் சோறு கொண்டுபோனபோது, முதலாளி ஒரு கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டின் மார்பில் ஒரு சொட்டு, எத்தனை வெளுத்தும் சாம்பலாய் நின்றது.

"தங்கச்சி, உன் புருவம் துரை கோட்டுல வந்து உக்காந்திருக்கு. மை வேணுமா, வேலை வேணுமான்னு ராத்திரி யோசிச்சுக்கோ" என்றார்.

வீட்டில் அம்மாவோ, மையில்லாத முகத்தோடு விடியக்காலையில் யாருக்கும் எதிரே வராதே என்று ஒரே பிடியாக நின்றார். அண்ணி சோற்றுப் பானையை நங்கென்று வைத்தார். "அங்க வெச்சா குத்தம், இங்க வெக்காட்டி குத்தம். நெத்தியை ரெண்டா அறுத்து ஆளுக்கு ஒண்ணு குடுத்துரட்டுமா, அத்தை?" அம்மா விட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாள் அண்ணி கிராம்பைச் சுட்டு, நிதானமாக, இரண்டு பக்கமும் ஒரே அளவாக வரைந்துகொண்டார். கடை வாசலுக்குப் போனதும், ஒரு வெள்ளைத் துணியை மடித்துக் கண்ணுக்குச் சற்று மேலே இறுக்கிக் கட்டினார். புருவம் முழுதும் மறைந்துவிட்டது. வேர்வையைத் துணி குடித்தது, கோட்டு பிழைத்தது. முதலாளி அடுத்த கோட்டை எடுத்து நீட்டினார். அப்படியே வருடக்கணக்காக நடந்தது. எனக்குத்தான் ஆறவில்லை.

"கட்டி மறைக்கிறதுக்கு எதுக்கு அண்ணி இவ்வளவு நேரம் வரையறீங்க? அம்மாவுக்காக ஒரு கோடு கிழிச்சாப் போதாதா?"

"துணி முதலாளிக்கு. மை, வாசப்படி வரைக்கும் உங்கம்மாவுக்கு. அளவு மட்டும் எனக்கு. அதுல நீயும் கை வெக்காதே."

போன வாரம் என் மகள் ஒரு புருவப் பென்சில் வாங்கி வந்தாள். தண்ணீருக்கும் வேர்வைக்கும் அழியாதாம். என் புறங்கையில் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். தேய்த்தேன். குழாயடியில் சவுக்காரம் போட்டும் தேய்த்தேன். போகவில்லை. சந்தோஷப்பட வேண்டியதற்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு சின்னப் பொருள். வருவதற்கு அண்ணி காலமாகும்வரை காத்திருந்ததா?

பென்சிலை வாங்கி அந்தத் தகர மூடியில் வைத்தேன். அதற்குள் அடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. கையிலிருந்த கோடு மறுநாளும் அப்படியே இருந்தது.