இடித்தவனைத் தவிர எல்லாரும் மன்னிப்புக் கேட்ட நெய்யாற்றின்கரை

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நெய்யாற்றின்கரை நீதிமன்றச் சமரச மையத்தில் காற்றாடிக்கு நேர் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அது எதிர்த்தரப்புப் பெஞ்சு. மத்தியஸ்தர் அம்மா என்னையே குற்றவாளி என்று நினைத்து, இந்த வயதில் பைக்கில் என்ன பாய்ச்சல் என்று மலையாளத்தில் கிழித்தார். தொப்பையைப் பார்த்தாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

போனது சித்தி மகள் ஸ்டெல்லாவுக்குத் துணையாக, போன மாதம். பனச்சமூட்டில் நடந்துபோனவளை ஒரு பைக் இடித்துவிட்டு நிற்காமல் பறந்தது. வலது கால் இன்னும் மடங்கவில்லை. தையல் மிஷின் மிதிக்க முடியாது, பிழைப்பே அதுதான். காலை ஏழரைக்கு நாகர்கோவிலில் கிளம்பி, களியக்காவிளையில் பஸ் மாறினேன். பாறசாலையில் ஸ்டெல்லா ஏறினாள். கண்டக்டர், "காலு நீட்டி இருக்கட்டு மக்கா" என்று முன்சீட்டுக்காரரை எழுப்பிவிட்டார். அதற்கு மனு எதுவும் தேவைப்படவில்லை.

இப்போது நாடெங்கும் 'சீரமைப்பு நீதி' என்று பேச்சு. தண்டனை மட்டும் போதாதாம். தப்பு செய்தவனும் அடிபட்டவளும் நேருக்கு நேர் பேசி மனசு ஆற வேண்டுமாம். நல்ல விஷயம். ஆனால் அங்கே நடந்தது என்ன? இடித்த பையனின் வக்கீல் வருத்தம் தெரிவித்தார். அவன் தாய்மாமா கைகூப்பினார். வார்டு மெம்பர் வந்து, பையன் நல்ல குடும்பம் என்றார். வீட்டில் பெரியவர் இருக்கையில் இளையவன் வாய் திறக்கக் கூடாதென்பது நம் பக்கத்து மரியாதை. இடித்த அஜித், செங்கல் என்ற ஊர்க்காரன், இருபத்திரண்டு வயது, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மத்தியஸ்தர் அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார். கேஸ் முடிந்தால் சரி, கால் மடங்கினால் என்ன, மடங்காவிட்டால் என்ன!

ஸ்டெல்லா பேனாவை வைத்துவிட்டாள்.

"நீங்க எல்லாரும் மன்னிப்புக் கேட்டாச்சு. என்னை இடிச்சது நீங்களா? எலே, நீ சொல்லு. ஏன் நிக்கல்ல?"

மாமா குறுக்கே வந்தார். அவரைக் கையமர்த்தினாள்.

"பயந்துட்டேன் சேச்சி," என்றான் அஜித். "வளைவுல நின்னு திரும்பிப் பாத்தேன். நீங்க எந்திக்கல்ல. செத்துட்டீங்கன்னு நெனச்சு ஓடிட்டேன்." அதற்குமேல் அழுகைதான். ஸ்டெல்லா கையெழுத்துப் போட்டாள்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: பத்து மணிக்கு வரச் சொன்னால் கூப்பிட மதியம் ஒரு மணியாகும், தண்ணீர் கொண்டுபோங்கள். உங்களுக்காகப் பேச வருகிறவர்களை, என்னையும் சேர்த்து, வாசலிலேயே நிறுத்துங்கள்.

திரும்பும் பஸ்ஸில், ஒருவழியாகக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாய் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இதை அவன் இடிச்ச அன்னைக்கே ஆஸ்பத்திரியில வந்து அழுது சொல்லியாச்சு அண்ணா. மாமனுக்குத் தெரியாம வந்தவனாக்கும். இன்னைக்கு மாமன் முன்னாலயே அவன் வாயால சொல்லட்டும்னுதான் கேட்டேன்."