மூன்று முறை விழுந்த பிள்ளையார்

பழைய கார் வாங்குகிறவர்களுக்காக அதைச் சோதித்துச் சொல்லும் யாழ்ப்பாணத்து மெக்கானிக் அவர். ஒல்லி உடம்பு, அவரைவிடப் பெரிய மழைக்கோட்டு. கோட்டுப் பையில் உள்ளங்கையளவு பித்தளைப் பிள்ளையார்.

ஒனிஹங்கா புறநகரில் கூரை திறக்கும் இரண்டு குட்டி ஸ்போர்ட்ஸ் கார்கள் விலைக்கு நின்றன. ஒரே மாடலின் முதல் தலைமுறை ஒன்று, இரண்டாம் தலைமுறை ஒன்று. நான் மயங்கியது முதலாவதில். ஸ்விட்சைத் தட்டினால் அதன் விளக்குகள் கண் விழித்து மேலே எழும்.

அவர் பானட்டைத் திறக்கவே இல்லை. பிள்ளையாரை டாஷ்போர்டில் வைத்து, என்னைப் பக்கத்தில் ஏற்றி, ஒரே ரவுண்டானாவை இரண்டு காரிலும் சுற்றினார். முதலாவதில் பிள்ளையார் மூன்று முறை என் மடியில் விழுந்தார். இரண்டாவதில் அசையவில்லை.

“இரண்டாவதை எடுங்கோ.”

“முதலாவதுதான் அழகா இருக்குண்ணா.”

“ஓம், வடிவுதான். ஆனா சஸ்பென்ஷன் முடிஞ்சுது.”

“உங்களுக்கு ரொம்ப பக்தியோ?”

“இல்லைத் தம்பி, நான் கோயிலுக்கே போறேல்லை. இவர் நல்ல பாரம். சும்மா விழமாட்டார்.”

பிள்ளையாரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவதைத்தான் வாங்கினேன். நானும் சாமி கும்பிடுகிறவன் இல்லை. ஆனாலும் வளைவு வந்தால் என் இடது கை தானாக அந்தக் காலி டாஷ்போர்டுக்குப் போகிறது, விழுகிறவரைப் பிடிக்க.