தேய்ந்த அளவு

என் மாணவி ஒருத்தி, சாலையின் நடுத்திட்டில் நின்று கழுத்து அட்டையை மாற்றிக்கொள்கிறாள். இயற்பியல் கல்லூரியின் நீல அட்டை பைக்குள் போகிறது. எங்கள் பொறியியல் கல்லூரியின் மஞ்சள் அட்டை வெளியே வருகிறது. இரண்டு பக்கமும் வண்டிகள் பறக்கின்றன. கயிறு சிக்கிக்கொண்டால் நின்று நிதானமாகப் பிரித்துப் போட்டுக்கொண்ட பிறகுதான் மீதிச் சாலையைக் கடப்பாள். எங்கள் வாசல் காவலாளி தினமும் கத்துவார்: "இங்க வந்து மாத்தினா என்னம்மா, குடியா முழுகிடும்?"

"அட்டை இல்லாம வந்தா நீங்கதானே அண்ணே உள்ள விடமாட்டீங்க?" என்பாள்.

படிப்பு அப்படி. மூன்று வருடம் அந்தப் பக்கம் இயற்பியல், பிறகு இரண்டு வருடம் இந்தப் பக்கம் இயந்திரப் பொறியியல். அங்கே ஒன்றிரண்டு பாடம் மிச்சம் இருப்பதால் காலையில் அங்கே, மதியம் இங்கே. ஐந்தாம் வருடக் கடைசியில் இரண்டு பட்டமும் சேர்ந்துதான் கைக்கு வரும். ஒரு பாடத்தில் சறுக்கினாலும் இரண்டும் அப்படியே நிற்கும். பணிமனைப் பயிற்றுநர் என்ற முறையில் எனக்கு இந்த ஏற்பாடு ஆரம்பம் முதலே பிடிக்காது. இரண்டுங்கெட்டான் படிப்பு என்று அவள் காதுபடவே சொல்லியிருக்கிறேன். சிரித்துவிட்டுப் போனாள்.

அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் மேஸ்திரி. கையில் எப்போதும் எண்ணெய்க் கறை. இங்கே புரபசர். லேத்தில் ஒரு வேலையைக் கொடுத்தால், இரும்பு ஏன் சூடாகிறது என்று கேட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவாள். இரண்டு பெயருக்கும் ஒரே மாதிரி "ம்?" என்று திரும்பிப் பார்ப்பாள்.

சட்டைப் பையில் ஒரு மைக்ரோமீட்டர். எதைக் கண்டாலும் அளப்பாள். என் தேநீர்க் கோப்பையின் விளிம்பு, அவள் தலைமுடி, நான் வருகைப்பதிவு எழுதும் தாள், எதுவும் தப்பவில்லை. ஒன்றை மூன்று முறை அளந்து மூன்றையும் நோட்டில் எழுதுவாள். தப்பாக எழுதிவிட்டால் மேலே ஒரு கோடு, அவ்வளவுதான். ரப்பரே வைத்துக்கொள்வதில்லை. "அடிக்கலாம் சார், அழிக்கக்கூடாது. அங்க முதல் நாளே சொல்லிக்குடுத்தாங்க. நாம பார்த்ததை மறைச்சா அப்புறம் எதுக்கு சார் பார்க்கணும்?" கேட்கவே எரிச்சலாக இருக்கும். சரியாகவும் இருக்கும்.

வீட்டிலிருந்து அம்மா பேசினால் கை அழுக்கு என்று ஒலிபெருக்கியில் போடுவாள். பணிமனையே கேட்கும். "உன் தம்பி படிச்சு முடிச்சு வேலைக்கே போயிட்டான்டி. நீ இன்னும் பையைத் தூக்கிட்டு ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையுற. இந்த வருஷமாவது முடியுமா முடியாதா?"

"முடியும்மா. பணிமனை ஒண்ணுதான் பாக்கி."

அந்த ஒன்றுக்காக அவள் எடுத்துக்கொண்டது, இயற்பியல் ஆய்வகத்தில் வருடக்கணக்காக முடங்கிக் கிடந்த பம்பு. காற்றை உறிஞ்சும் பம்பு அது; ஓடவிட்டால் மேசையே ஆடும். உள்ளே சுழலும் தண்டு, அதாவது ஷாஃப்ட், தேய்ந்துவிட்டது. புதிதாக ஒன்று கடைந்து போட்டு, பம்பு ஆடாமல் ஓடினால் தேர்ச்சி. பழைய ஷாஃப்டைக் கழற்றிக் கொண்டுவந்தாள். பன்னிரண்டு இடத்தில் அளந்தாள். வரைபடத்தில் சராசரி 24.863 மில்லிமீட்டர் என்று எழுதிக்கொண்டு வந்து நின்றாள். நான் அப்போது வேறொரு பையனைத் திட்டிக்கொண்டிருந்தேன். மூன்று தசமத்துக்கு எழுதுகிறவள் தப்பாகவா எழுதியிருப்பாள்? வலது மூலையில், 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில், கையெழுத்தைக் கிறுக்கினேன்.

ஒரு வாரம் கடைந்தாள். மயிரிழை பிசகாமல் வந்தது. தேர்வுக்கு முந்தின நாள் காலை, ஷாஃப்டைத் தாங்கிச் சுழலவிடும் புதிய புஷ் வளையம் ஸ்டோரிலிருந்து வந்தது. பொருத்தி ஓடவிட்டாள். ஷாஃப்ட் புஷ்ஷுக்குள் தொளதொளத்து, மேசை பழையபடியே ஆடியது.

பம்பை நிறுத்தினாள். பிறகு பழைய ஷாஃப்டை எடுத்து, கப்பிக்குள் மறைந்து கிடந்த நுனியைத் துடைத்து அளந்தாள். அந்த இடம் எதோடும் உரசியதில்லை. சரியாக இருபத்தைந்து மில்லிமீட்டர்.

"ஐயோ சார்," என்றாள். "தேஞ்சுபோனதை அளந்து, அதே மாதிரி தேஞ்சதையே புதுசா செஞ்சு வெச்சிருக்கேன்."

அந்தப் பக்கத்துப் படிப்பு, இருப்பதை உள்ளபடி அளக்கச் சொல்லும். இந்தப் பக்கம், அது எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்று முதலில் கேட்கும். இவள் ஐந்து வருடத்தில் தவறவிட்டது அந்த ஒரு கேள்விதான். முப்பது வருடமாக அதைக் கேட்டே பிழைக்கிற நானும் தவறவிட்டேன். அவள் அதற்குள் புதிய கம்பியை லேத்தில் மாட்டிவிட்டாள். சாயங்காலம் வரை தலை நிமிரவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவும் இல்லை.

மறுநாள் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்க்கிற ரகம். பம்பு ஓடியது. மேசையில் அவர் வைத்த பென்சில் உருளாமல் கிடந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் இவள் கெட்டுப்போன முதல் ஷாஃப்டையும் பக்கத்தில் வைத்திருந்தாள். பார்த்ததை மறைக்கக் கூடாதே!

"இது என்ன?"

"நான் முதல்ல செஞ்சது சார். தப்பான அளவு."

"வரைபடம்?"

எடுத்து நீட்டினாள். தாளை விடாமல் வலது மூலையைப் பிடித்துக்கொண்டு நீட்டினாள்.

"யார்கிட்டயும் காட்டாமலா கடைஞ்சீங்க? பத்து மார்க் போகும், தெரியுமில்ல? பம்பு ஓடுறதால தேறிடுவீங்க, அது வேற விஷயம்."

பெரிய மூச்சு ஒன்று விட்டாள். "என் அளவுதான் சார் தப்பு."

நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. தேர்வாளர் மதிப்பெண் தாளின் ஒரு கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டு, அடுத்த கட்டங்களுக்குப் போனார். ஃபைலை மூடி அவர் எழுந்திருக்கும் வரைக்கும், எண்ணெய்க் கறை படிந்த அந்தக் கட்டைவிரல் என் கையெழுத்தின் மேலேயே இருந்தது.