கறுப்புக்கு எத்தனை விளக்கு

எனக்குக் கல்யாணமாகிப் போடிக்கு வந்த இரண்டாம் வருஷம் என் வீட்டுக்காரர் போட்டோ ஸ்டுடியோ வைத்தார். எழுபதுகளின் கடைசி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருந்த அந்த நீள அறையில் அதற்கு முன்னால் ஏலக்காய் மூட்டை அடுக்கி வைத்திருந்தார்களாம். எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தும் வாசனை போகவில்லை. படமெடுக்க வருகிறவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்ததும் மூக்கை உறிஞ்சி, "வீட்டுல பாயசமாக்கும்?" என்பார்கள்.

வெளியில் அவர் எடுக்கிற படத்தைக் குறை சொல்ல முடியாது. கோயில் வாசலோ கல்யாணப் பந்தலோ, அங்கே வெயில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். ஸ்டுடியோவுக்குள்தான் வம்பு. இரும்புக் கால்களில் இரண்டு ஐந்நூறு வாட் பல்புகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுமினியக் கிண்ணம். இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக நிறுத்தி, இருக்கிற வெளிச்சத்தையெல்லாம் முகத்தில் கொட்டிவிடுவார். படத்தில் இரண்டு கண்ணும் ஒரு வாயும் இருக்கும், நடுவில் மூக்கு இருக்காது. நிழல் மட்டும் பின்னால் திரையில் இரண்டு விழுந்து கிடக்கும்.

சிலமலையிலிருந்து வந்த ஒரு சம்சாரி தன் படத்தை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இட்லிக்குக் கண்ணு வரைஞ்ச மாதிரி இருக்கேப்பா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்று மத்தியானம் இவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வாரமே மெட்ராஸுக்கு எழுதிப்போட்டு ஒரு புத்தகம் வரவழைத்தார். பிரித்தால் முழுக்க இங்கிலீஷ். அவர் எட்டாவதோடு நிறுத்தியவர். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். "நீ வாசி, நான் விளக்கைத் தள்ளுறேன்" என்றார்.

அப்படித்தான் எங்கள் படிப்பு ஆரம்பித்தது. ஒரு கையில் புத்தகம், மடியில் அகராதி. பக்கத்துக்குப் பக்கம் மேலிருந்து பார்த்த மாதிரி ஒரு வட்டம் போட்டு, அதற்கு மூக்காக ஒரு முனை வைத்து, சுற்றிலும் விளக்குகளை வரைந்திருந்தார்கள். இங்கிலீஷ் பெயர்கள் எங்கள் வாயில் நிற்கவில்லை. நாங்களே பெயர் வைத்தோம். ஒரு பக்கத்தில் உயரமாக நின்று முகத்துக்கு உருவம் கொடுக்கிற பெரிய விளக்கு மாமியார். எதிர்ப்பக்கம் தள்ளி நின்று, மாமியார் போட்ட நிழலைக் கொஞ்சம் இளக்குகிறது மருமகள். மருமகள் மாமியாருக்குச் சமமாகக் குரல் உயர்த்தினால் படம் இட்லியாகிவிடும். அதுவரை எங்கள் ஸ்டுடியோவில் நடந்துகொண்டிருந்தது அந்தச் சண்டைதான். பின்னாலிருந்து கூந்தலை மட்டும் தொட்டுவிட்டுப் போகும் மூன்றாவது விளக்குக்கு நாத்தனார் என்று பெயர் வைத்தோம். அது எங்களிடம் இல்லை. பால்பவுடர் டப்பா ஒன்றின் அடியை வெட்டி, சாதா பல்பு ஒன்றுக்குக் குழாயாக மாட்டிச் செய்துகொண்டோம். சூடேறினால் டப்பாவின் பெயிண்ட் நாறும்.

ஸ்டூலில் உட்கார வேறு ஆள் ஏது? நான்தான் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டாலும் விளக்கு எங்கே நிற்கிறது என்று தோல் சொல்லும். "கொஞ்சம் ஏத்துங்க, தாடைதான் சுடுது, நெத்தி சுடலை" என்பேன். ஒரு மாதத்தில் அவருக்கு முன்னாலேயே எனக்கு விளக்கு பிடிபட்டுப் போனது. அவருக்குக் கண்ணால் மட்டும்தான் தெரியும். எனக்குக் கன்னத்தாலும் தெரிந்தது.

வெளிச்சம் மிருதுவாக வேண்டுமானால் வெள்ளைத்துணி வழியாக விடு என்றது புத்தகம். மாமனாரின் வேட்டியைக் கட்டினோம். கால்மணி நேரத்தில் தோசை வட்டத்துக்குப் பழுப்பாகக் கருகியது. மாமனார் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. வெளிச்சத்தைத் திருப்பியடிக்க வெள்ளி மாதிரி ஏதாவது வேண்டும் என்று புலம்பிக்கொண்டிருந்தபோது, மலைக்கு ஜீப்பு ஓட்டுகிற ஒருவர், டிரைவர் லைசென்ஸுக்குப் படம் எடுக்க வந்தவர், "நாளைக்குக் கொண்டாறேன் சேச்சி" என்றார். மறுநாள் ஒரு பழைய தேயிலைப் பெட்டியை இறக்கினார். உள்ளே நாலு பக்கமும் பளபளவென்று ஈயத்தாள். ஒரு பலகையைக் கழற்றிச் சாய்த்து வைத்தோம். மருமகளுக்குப் பதிலாக அதுவே போதுமாக இருந்தது.

எல்லாம் சரியாக வந்தது, என் படத்தைத் தவிர. நான் நல்ல கறுப்பு. அவர் பவுடர் போடச் சொன்னார், போட்டேன். விளக்கைக் கிட்டே கொண்டுவந்தார். படத்தில் நான் சாம்பல் பூசினவளாக இருந்தேன். புத்தகத்தில் இருந்த முகங்கள் எல்லாம் வெள்ளைக்காரர்களுடையவை. அவர்களுக்கு எழுதியது எனக்கு எப்படிப் பொருந்தும்?

ஒருநாள் அவர் குரங்கணிப் பக்கம் கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் வீட்டிலிருந்து அம்மிக் குழவியை எடுத்துப்போய் ஸ்டூலில் செங்குத்தாக நிறுத்தினேன். என் நிறம்தான். விளக்கை நேரே வைத்தால் வெறும் கல்லாகத் தெரிந்தது. இன்னும் இரண்டு விளக்கைக் கூட்டினாலும் தூசிதான் தெரிந்தது. தூசியைத் துடைக்கலாமென்று ஈரத்துணியால் துடைத்தேன். பக்கத்திலிருந்த விளக்கின் வெளிச்சக் கோடு ஒன்று, மேலிருந்து கீழாக, அதில் சட்டென்று வழுக்கி இறங்கியது. கல் உருண்டையாகிவிட்டது. விளக்கை இன்னும் ஓரமாகத் தள்ளினேன். எதிரே தேயிலைப் பெட்டிப் பலகையை வைத்தேன். அந்தப் பக்கமும் மெல்லிசாக ஒரு கோடு. கறுப்புக்கு வெளிச்சம் போதாமல் இல்லை, அதற்கு வேண்டியது மினுமினுப்பு. நாங்கள் அதைப் பவுடர் போட்டுக் கொன்றுகொண்டிருந்தோம்.

சந்தோஷத்தில் கைதட்டியே விட்டேன். நிஜ மாமியார் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"ஏத்தா, கொழவிக்குமா படம் எடுக்குற? மொளகு அரைக்கணும், வெரசா கொண்டா!"

அடுத்த மாதம் ராசிங்காபுரத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். பெண்ணுக்கு இருபது வயதிருக்கும், தையல் தெரிந்தவள், என்னைவிட ஒரு பிடி கறுப்பு. தாய் வாசலில் நின்றபடியே சொன்னாள்: "செவப்பா எடுத்துக் குடுங்க. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பணும்."

ஏற்கெனவே வேறொரு ஊரில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினாள். பவுடர், நேர் விளக்கு, போதாததற்குப் பென்சிலால் தீட்டி வேறு. அந்தப் பெண் அதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"படத்தைப் பாத்துட்டு வர்றாங்க, என்னையப் பாத்துட்டுப் போறாங்க" என்றாள். "மூணு வீடு ஆச்சுக்கா."

என் வீட்டுக்காரர், தாய் கேட்டபடியே ஒன்று எடுத்தார். பிறகு நான், "இன்னொண்ணு நான் எடுக்குறேன், பிடிச்சா வாங்குங்க, இல்லாட்டி வேண்டாம்" என்றேன். அவளைக் கூட்டிப்போய் முகம் கழுவ வைத்தேன். உள்ளங்கையில் துளி தேங்காய் எண்ணெய் தேய்த்து, கன்னத்திலும் மூக்குத்தண்டிலும் ஒற்றினேன். "அய்யய்யோ, எண்ணெய் வழிஞ்ச மூஞ்சியால்ல போயிரும்" என்று தாய் அலறினாள். மாமியாரை நன்றாக ஓரத்தில் ஏற்றி, பலகையைச் சாய்த்து, நாத்தனாரைப் பின்னால் கொளுத்தினேன்.

"சிரிக்கணுமாக்கா?"

"வேண்டாம். நீ தைக்கும்போது ஊசிக் கண்ணைப் பாப்பேல்ல, அப்படிப் பாரு."

பார்த்தாள். அமுக்கினேன்.

இருட்டறையில் சிவப்பு பல்பின் கீழே, தட்டில் முதலில் எழும்பியது கூந்தலின் கறுப்பு. அப்புறம் கன்னம், மூக்குத்தண்டு, கீழுதட்டில் ஒரு சொட்டு வெளிச்சம். என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். "இதெப்ப கத்துக்கிட்ட?" என்றார். குழவியைப் பற்றி அன்றைக்குத்தான் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நாளைக்கு உன்னைய அப்படி எடுக்குறேன்" என்றார். எடுத்தார்.

தாய்க்கு வெள்ளைப் படம்தான் பிடித்தது. மகள் மற்றதைத் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற உறையில் விலாசம் எழுதிக் கொடுத்ததும் அவள்தான். எழுதும்போது தன் படத்தையும் உள்ளே தள்ளி ஒட்டிவிட்டாள் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தாய் மூச்சு வாங்க ஸ்டுடியோவுக்குள் வந்தாள்.

"ஆத்தா, என்ன வேலை பண்ணி வச்சிருக்கீங்க! மாப்பிள்ளை வீட்டுல நேத்து வந்தாக. காப்பியைக் குடிச்சிட்டு, 'ரெண்டு பிள்ளைகள்ல மூத்தது யாரு?'ன்னு கேக்குறாக. எனக்கு ஒண்ணும் வெளங்கலை. ரெண்டு படத்தையும் எடுத்துப் போட்டாக!"

"அய்யோ. நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்ல? மாப்பிள்ளையோட அக்கா வெள்ளைப் படத்தை ஓரமா தள்ளிட்டு, 'இந்தப் பிள்ளைக்கு நீங்க வேற எடம் பாத்துக்கங்க, நாங்க இவளைக் கேட்டுத்தான் வந்தோம்'னுட்டா. கதவுக்குப் பின்னால நின்னவ விழுந்து விழுந்து சிரிக்குறா!"

சொல்லி முடிக்குமுன் அவளுக்கே சிரிப்பு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "எம்பிள்ளை நெசமாவே நல்லாத்தான் இருக்கா, என்ன?" என்று கேட்டாள். பெற்றவள் கேட்கிற கேள்வியா அது? நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

கல்யாணம் முடிந்த மறுவாரம் புதுமணத் தம்பதி ஜோடிப் படம் எடுக்க வந்தார்கள். மாப்பிள்ளை மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் மேற்பார்வை பார்ப்பவர். சாதுவான ஆள், சோடாபுட்டிக் கண்ணாடி. "எங்க ஏலக்காட்டுக்குள்ள வெயிலு மரத்துக்கு நடுவால சாஞ்சுதாங்க விழும்" என்றார் கூச்சத்தோடு. "அதுல நிக்கிறவங்க அப்படித்தான் தெரிவாங்க. படத்தைப் பாத்ததும் பழகின ஆளு மாதிரி இருந்துச்சு."

பெண் தரையைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு பேரையும் பெஞ்சில் உட்கார வைத்து விளக்கைப் போட்டேன். பெண் பிரமாதமாக இருந்தாள். மாப்பிள்ளைக்குக் கண்ணே இல்லை. கண்ணாடியில் இரண்டு பல்பு எரிந்தது. விளக்கை ஏற்றினேன், இறக்கினேன், அவர் தலையைத் திருப்பினேன், பல்பு போகவில்லை. புத்தகத்தில் அதற்கு ஏதோ போட்டிருந்தது, ஞாபகம் வரவில்லை. என் வீட்டுக்காரர் அவசரமாகப் பக்கம் புரட்டினார்.

அந்தப் பெண் அதற்குள் கைநீட்டி, மாப்பிள்ளையின் கண்ணாடிக் கால்களைக் காதுக்கு மேலே ஒரு விரல் உயரம் தூக்கிவிட்டாள். கண்ணாடி முன்பக்கம் குனிந்தது. பல்பு இரண்டும் காணாமல் போயின. உள்ளே இரண்டு கண்கள், பெரிதாக, திகைத்துப்போய்.

"காதுல நிக்கலையே" என்றார் அவர், கழுத்தை அசைக்காமல்.

"பேசாதீங்க, விழுந்துரும்" என்றாள் அவள்.

நான் அமுக்கினேன்.